கதவு வேண்டாம் என்ற வளர்மதி அக்கா

வளர்மதி அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் அக்கா சிரிக்கிறார். முகத்தைச் சுற்றி மாலை, மூலையில் ஒரு குத்துவிளக்கு, கீழே, 'எங்கள் இல்லத்தின் கனவு அறையைப் படைத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுத்து. தலைக்குப் பின்னால், நாங்கள் பேருந்து வடிவில் செய்து கொடுத்த படுக்கையறை. அனுப்பியவர் குழந்தைகள் இல்லத்தின் மேலாளர்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எந்த அறையைத் திறக்கச் சொல்லி அக்கா பத்து மாதம் நடையாய் நடந்தாரோ, அந்த அறையின் படத்தையே அவருக்கு அஞ்சலியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் மகளைக் கூப்பிட்டேன். "ஆமா மாமா. காலைல காபி போட எழுந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

தச்சர்களும் பெயின்டர்களும் எலக்ட்ரீசியன்களும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்து மாத இதழுக்கு ஓர் அஞ்சலி எழுதும்படி செயலாளர் கேட்டார். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று முடித்துவிடுங்கள் மேஸ்திரி என்று வழியும் சொல்லிக்கொடுத்தார். அப்படி முடிக்க மாட்டேன். இந்த இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்ய முடியும், அது உங்கள் கையில் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வைத்திக்குப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற அவருடைய அம்மா, மகளைப் பாலிடெக்னிக்கில் கட்டடப் படம் வரையப் படிக்க வைத்தார். ஓர் அலுவலகத்தில் பல வருடம் கழிவறைக்கும் மாடிப்படிக்கும் கோடு போட்டு அலுத்துப்போன பிறகு, இனிக் குழந்தைகளின் படுக்கையறையும் விளையாட்டறையும் மட்டுமே செய்வேன் என்று தனியாகக் கிளம்பினார். அவர் வரைவார், நான் மரத்தில் செய்வேன். பதினான்கு வருடம் அப்படி ஓடியது.

முதல் வேலை கருவடிக்குப்பத்தில். பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் நம் ஊர் வழக்கில் அது சொல்தா வீடு. மகளின் அறைச் சுவர் முழுக்கப் பாரிஸ் கோபுரம் வேண்டும், இளஞ்சிவப்புத் திரைச்சீலை வேண்டும் என்று வீட்டம்மாள் பட்டியல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "சரிங்க மதாம். நீங்க போய் ஒரு காபி குடிங்க. நான் பாப்பாகிட்ட பேசணும்" என்று அவரை வெளியே அனுப்பினார். எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் அவருடைய முதல் வேலை. பெற்றோர் வெளியே போக வேண்டும், குழந்தையும் அவரும் தரையில் உட்கார வேண்டும். குழந்தை கேட்பதைச் சுவரிலேயே பென்சிலால் எழுதுவார். பெயின்ட் அடித்தாலும் அடியில் இருக்கும் என்பார்.

அந்தப் பாப்பா கேட்டது பெரிய மார்க்கெட். தாத்தாவோடு போய்வந்த பூக்கடை, தராசு, கூடை, நின்று கூவி விற்க ஒரு மேடை. "மீன் நாத்தம் வேணாமா?" என்று அக்கா கேட்டார். "கொஞ்சமா" என்றது பாப்பா. அக்கா சிரித்த சிரிப்பில் மதாம் காபி டம்ளரோடு ஓடி வந்துவிட்டார். மார்க்கெட்டைத்தான் செய்தோம். பாரிஸ் கோபுரமும் வந்தது, பூக்கூடைக்குப் பின்னால் ஒரு சாண் உயரத்துக்கு.

அளவெடுப்பதற்கு முன்னால் அக்கா தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். என் தொந்தியைப் பற்றிக் கவலைப்படாமல் என்னையும் படுக்கச் சொல்வார். "படுத்துப் பாரு தம்பி. அந்தப் புள்ள தெனமும் பாக்கப் போறது உன் ஷெல்ஃப இல்ல, ஃபேன் ரெக்கையில இருக்கிற அழுக்கத்தான்." லாஸ்பேட்டையில் ஒருவர் மகனுடைய கட்டிலுக்கு மேல் கேமரா பொருத்த வேண்டும் என்றார். "புள்ள தூங்கறத பாக்கணும்னா எழுந்து போய் பாருங்க சார்" என்று சொல்லி, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வேலை போயிற்று. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு மூக்கின் மேல் கோபம், ஆனால் வர வேண்டிய ஆளிடம்தான் வரும்.

இனி அந்த இல்லத்துக்கு வருகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார்கள்.

பன்னிரண்டு பெண் குழந்தைகள். பெற்றோர் இல்லாதவர்கள், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு படுக்கையறை அமைக்க நன்கொடையாளர்கள் முன்வந்தார்கள். மேலாளர் அரண்மனை கேட்டார். அக்கா அவரைக் காபிக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஒருத்திகூட அரண்மனை கேட்கவில்லை. பவானி என்ற எட்டு வயதுச் சிறுமி, "பஸ்ஸு வேணும்க்கா. மடுகரை போற பஸ்ஸு" என்றாள். உடனே மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்குப் பாகூர் பஸ், இன்னொருத்திக்குத் திருக்கனூர் பஸ். எல்லாம் அவரவர் விட்டுவந்த ஊர்.

"பெரிய மனுஷங்க வந்து பாக்கற எடத்துல டவுன் பஸ்ஸா மேடம்?" என்றார் மேலாளர்.

"பாக்கறவங்களுக்கு இல்ல சார். தூங்கறவங்களுக்கு."

இரண்டு அடுக்காகப் பன்னிரண்டு படுக்கைகள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு மேல் ஒரு சிறிய கரும்பலகை. தன் பஸ் எங்கே போகிறது என்று அவரவர் சாக்பீஸால் எழுதலாம், அழிக்கலாம், நினைத்தால் மாற்றலாம். முன்னால் டிரைவர் சீட்டும் சுற்றுகிற ஸ்டீயரிங்கும். அறைக்குக் கதவு இல்லை. "டவுன் பஸ்ஸுக்கு எங்க தம்பி கதவு? ஓடி வந்து ஏறணும்" என்றார் அக்கா. அந்த அறை கூடத்துக்குள்ளேயே இருந்தது. கூடத்தில் காப்பாளர் அம்மா படுத்திருப்பார், வாசலில் இரும்புக் கதவும் உண்டு. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

திறப்பு விழா முடிந்த மறுவாரம், தங்கை மகளின் பிரசவத்துக்காக அக்கா காரைக்கால் போயிருந்தார். நன்கொடையாளர்கள் அறையில் ஏசி மாட்டிக் கொடுத்திருந்தார்கள். மேலாளர் எனக்குப் போன் செய்தார். "ஏசி குளிரு பூரா வெளிய போவுது மேஸ்திரி. ஒரு கதவு மட்டும் போட்டுக் குடுங்க. அடுத்த பில்டிங் மரவேல மொத்தமும் உங்களுக்குத்தான்." நான் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. தேக்கில் நல்ல கதவாகவே செய்தேன். பூட்டும் வைத்துக் கொடுத்தேன்.

அன்றோடு அறை பூட்டப்பட்டது, பிள்ளைகள் பாய்க்குத் திரும்பினார்கள். நன்கொடையாளர்கள் வருகிற நாளில் மட்டும் தலைவாரி, பவுடர் போட்டு, ஆளுக்கொரு ஜன்னலில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். கார் கிளம்பியதும் இறக்கிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். சாக்பீஸ் எழுத்து அசிங்கமாக இருக்கிறது என்று பன்னிரண்டு கரும்பலகைகளிலும் 'நன்றி' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய அக்கா அந்தக் கதவைத் தடவிப் பார்த்தார். "நல்லா பொருந்தியிருக்கு தம்பி. ஒரு இடுக்குகூட இல்ல" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். அவர் பாராட்டினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இல்லத்துக்குப் போய்ச் சாவி கேட்டார். சில நாள் நானும் உடன் இருந்தேன்.

"புள்ளைங்க கிறுக்கிடுங்க மேடம்."

"கிறுக்கட்டும்னுதான செஞ்சேன்."

"மெத்தையெல்லாம் அழுக்காயிடும்."

"தூங்குனா அழுக்காவத்தான் செய்யும். யாரும் தூங்காத மெத்த எதுக்கு சார்?"

அடுத்த வாரம் பார்ப்போம் என்பார்கள். நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. ஆண்டு மலரில் அவருடைய படத்தை மட்டும் போட்டார்கள். ஒருநாள் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது என்னிடம், "நீ மாட்டுனத நீதான் கழட்டணும் தம்பி" என்றார். "அவங்க சொத்துக்கா, நாம கை வைக்க முடியுமா? இந்த பில்டிங் வேல முடியட்டும்" என்றேன். "முடியட்டும்" என்றார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதற்குள் அக்கா போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்கே என்கிறீர்கள்? பேருந்து அறையில். டிரைவர் சீட்டில் அக்காவின் படம், அதற்கு ரோஜா மாலை. வந்திருந்தவர்களுக்கு உள்ளே நாற்காலி, பிள்ளைகள் வெளியே கூடத்தில் வரிசையாக. குளிர் போய்விடுமாம், கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, குழந்தைகளுக்காகவே வாழ்ந்தவர் என்று பேசினார்கள். கடைசியில் மேலாளர் என்னைப் பார்த்து, "மேஸ்திரி, ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார்.

பையில் திருப்புளியைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தேன்.

"என்னா பண்றீங்க மேஸ்திரி? டோனருங்க உக்காந்திருக்காங்க!"

"உக்காரட்டும் சார். அக்கா எனக்கு ஒரு வேல சொல்லியிருந்தாங்க, முடிச்சிட்டு பேசறேன்."

மூன்று கீல், பன்னிரண்டு திருகாணி. பத்து மாதம் தள்ளிப்போட்ட வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவின் கனம் தாங்காமல் தடுமாறினேன். நன்கொடையாளர்களில் வயதான ஒருவர் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். "இந்தப் புள்ளைங்க இங்க தூங்கறது இல்லியா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இந்தக் கதவு போட்டதுலேர்ந்து ஒரு நாளும் இல்லைங்க" என்றேன். அவர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் ஏசியைப் பார்த்தார்.

யாரும் கூப்பிடவில்லை, பவானி உள்ளே ஓடி வந்து தன் ஜன்னலுக்கு ஏறினாள். 'நன்றி' ஸ்டிக்கரை நகத்தால் பிய்த்தாள். என் பையிலிருந்த சாக்பீஸைக் கொடுத்தேன். "மடுகரைன்னு எழுதப் போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல. இன்னிக்கு எங்கியும் போவல. இங்கியே தூங்கப் போறேன்" என்றாள். சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்தாள்.

ஆறு நாளாகப் பிள்ளைகள் அங்கேதான் தூங்குகிறார்கள். கதவு என் பட்டறையில் சுவரோரமாக நிற்கிறது. அடுத்த கட்டட வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று. புதுக் கதவு போட ஆள் தேடுகிறார்களாம். அந்த ஆள் உங்களில் ஒருவராகத்தான் இருப்பார், அதனால்தான் இதை நம் இதழில் எழுதுகிறேன். ஏசி என்பார்கள், பாதுகாப்பு என்பார்கள், அடுத்த வேலையும் உங்களுக்கே என்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அளவெடுக்கப் போகாதீர்கள். போய்த்தான் தீருவேன் என்கிறவர், நாடாவை எடுப்பதற்கு முன்னால் அந்த மெத்தைகளில் ஒன்றில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் மனசாட்சி.

அக்கா, மாட்டியவனே கழற்றிவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். போய் வாருங்கள்.