கழுத்தில் இருந்தது அழுக்கல்ல

என் மகள் செல்விக்குப் பதின்மூன்று வயதில் பின்கழுத்து கறுக்கத் தொடங்கியது. பட்டை பட்டையாகத் தடித்து, தொட்டால் சொரசொரத்தது.

“ஏட்டி, நல்லாத் தேச்சுக் குளிக்க மாட்டியா? எம்புட்டு அழுக்கு பாரு.”

“தேச்சுத்தாம்மா குளிக்கேன்.”

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைமாவு பூசி, பீர்க்கங்காய் நாரால் நானே தேய்த்தேன். தோல் சிவந்து அவள் நெளிந்தபோதும் கையை எடுக்கவில்லை. குண்டாக இருப்பவள் சோம்பேறி, சோம்பேறி அழுக்காகத்தான் இருப்பாள் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. இதை எழுதவே கூசுகிறது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வெளியூர். பள்ளி விட்டு வந்து தனியாக இருக்கிற பிள்ளையிடம் வெறுங்கையோடு போக மனம் வராது. பால்கோவா, சேவு, சில நாள் பரோட்டா. வாங்கிக் கொடுத்ததும் நான்தான், தின்கிறாளே என்று திட்டியதும் நான்தான்.

ஒருமுறை காய்ச்சலுக்காக ராஜபாளையத்தில் மருத்துவரிடம் போனோம். தொண்டையைப் பார்த்த அந்த அம்மா, செல்வியின் சட்டைக் காலரை மெல்ல விலக்கினார். நான் முந்திக்கொண்டேன்.

“ஒழுங்கா குளிக்க மாட்டேங்கா டாக்டர்.”

“இது அழுக்கு இல்லம்மா. உடம்புல இன்சுலின் கூடிப்போனா தோல் இப்படிக் கறுக்கும். தேய்க்காதீங்க, இன்னும் தடிக்கும்.”

செல்வி என்னைப் பார்க்கவில்லை. கோபமாகவாவது பார்த்திருக்கலாம்.

பரிசோதனையில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை) இருந்தது. ரத்தச் சர்க்கரை, நோயின் எல்லையைத் தொட்டிருந்தது. கல்லீரலில் கொழுப்பும் சேர்ந்திருந்தது.

“குண்டா இருக்கிற எல்லாருக்கும் இது வராது. ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரலாம். வயித்தைச் சுத்திச் சேருற கொழுப்புதான் ரொம்பக் கெடுக்கும். எடையை மட்டும் பாக்காதீங்க, பிள்ளையைத் திட்டாதீங்க” என்றார் மருத்துவர்.

அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சோற்றைக் குறைத்தோம், காயும் சுண்டலும் முட்டையும் கூடின. நான் வந்ததும் இருவரும் நடக்கப் போவோம். அரை வருடத்தில் சர்க்கரை இறங்கியது, கல்லீரலும் தேறியது. எடை கொஞ்சம்தான் குறைந்தது. மருத்துவர் அதற்கு வருத்தப்படவில்லை.

உங்கள் பிள்ளைக்குக் கழுத்தோ அக்குளோ இப்படிக் கறுத்தால், தயவுசெய்து நாரை எடுக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். “அப்ப ரொம்ப வலிச்சுதாட்டி?”

சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வலிச்சதுகூடப் பெருசில்லம்மா. நீ சொன்னதும் நானும் அழுக்குன்னே நம்பிட்டேன். கிளாஸ்ல யார் பக்கத்துலயும் ஒட்டி உக்கார மாட்டேன்.”

ரத்தம் அரை வருடத்தில் திருந்திவிட்டது. இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று எந்த மருத்துவரிடம் கேட்பது? இப்போதும் பரிசோதனைக்குப் போகும் பஸ்ஸில், என் மேல் தோள் பட்டுவிடாதபடி அவள் ஜன்னலோரமாக ஒடுங்கித்தான் உட்காருகிறாள்.