மாப்பிள்ளைக் காரின் டயர்

அத்தானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற யோசனையும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் மோர்டனில் அக்கா, அத்தான் வீட்டு மாடியறையில் இருந்தேன். என் கல்யாணம் வெஸ்ட் ஈலிங் கோயிலில், தை மாதத்தில். மார்கழியில் நம்மவர்கள் தாலி கட்டமாட்டார்கள்; அது முடியும்வரை காத்திருந்து, லண்டனில் பனி கொட்டுகிற மாதமாகப் பார்த்து நாள் வைப்பார்கள். பஞ்சாங்கம் கணித்தவருக்குக் கோயிலுக்குப் போகிற வழியிலுள்ள விம்பிள்டன் மேடு தெரியுமா?

பெண்ணின் தகப்பன் போட்டது ஒரே நிபந்தனை: முகூர்த்தம் தப்பக்கூடாது. மூத்த மகளுக்குத் தப்பிவிட்டதாம். அன்றிலிருந்து அவள் வீட்டில் குழாய் உடைந்தாலும் அதுதான் காரணமாம்.

என் பழைய காரின் டயர்கள் தேய்ந்திருந்தன. கடைக்காரர் ஒன்றைக் காட்டினார்: எல்லாப் பருவத்துக்குமானது, வேகமாகப் போனாலும் பிடிமானம் இருக்கும், எப்போதாவது விழுகிற பனியையும் சமாளிக்கும். எனக்கு வேண்டியது அதுதான். கூட வந்த அத்தானுக்கோ அகலமான கோடை டயரில்தான் கண்.

"வருஷத்திலை ரெண்டு நாள் பனிக்கு ஆரும் டயர் பாப்பினமே? மாப்பிள்ளைக் கார் எடுப்பா நிக்கவேணும். நீர் பேசாமல் இரும்."

அவர் வீட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்ன கோடை டயரையே போட்டேன்.

அந்த இரண்டு நாளில் ஒன்று என் கல்யாண நாளாக அமைந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். மாப்பிள்ளைத் தோழன் அத்தான்தான், ஓட்டியதும் அவரே. விம்பிள்டன் மேட்டின் பாதியில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக நான் இறங்கித் தள்ளினேன். அந்த மனுசன் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை.

கண்ணாடியை இறக்கி, "எலுமிச்சம்பழம் வடிவா நசியேல்லைப் போல," என்றார்.

"டயர் அத்தான், டயர்!" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. ஐயர் வேறொரு நேரம் பார்த்துத் தந்தார். மாமனார் என் முகத்தையே பார்க்கவில்லை. அத்தான் சபைக்கு நடுவில் நின்று, "மாப்பிள்ளை வெளிக்கிடப் பிந்திப்போச்சு," என்றார். நான் புறப்படத் தாமதித்தேனாம். பச்சைப் பொய்! மாலையோடு நிற்கிறவன் சண்டை பிடிக்க முடியுமா?

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் பழி எனக்குத்தான். மனைவிக்குச் சளி பிடித்தால்கூட மாமியார், "நேரம் தப்பினதுதானே," என்பார். அடுத்த வாரமே டயரை மாற்றினேன். ஆனால் வாயை எப்படி மாற்றுவது?

அடுத்த தையில் அத்தானின் தம்பிக்குக் கல்யாணம்; தோழன் அத்தான்தான். அன்றும் பனி. காலையில் அத்தானின் போன்: "உம்மடை கார் சறுக்காதாமே. ஓடிவாரும், எங்கடை கார் அசையுதில்லை."

போனேன். மாப்பிள்ளையையும் அக்காவையும் ஏற்றினேன். அத்தான் முன்கதவில் கை வைக்கும்போது பூட்டைப் போட்டேன்.

"நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ, அத்தான். ரெண்டு நாள் பனிதானே."

விம்பிள்டன் மேட்டில் கார் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். தோழன் எங்கே என்று சபையில் கேட்டார்கள். நான்தான் எழுந்து பதில் சொன்னேன்:

"அத்தான் வெளிக்கிடப் பிந்திப்போச்சு."