பாம்புக்கு வைத்த கரிச்சட்டி

ஐம்பதுகளின் பிற்பகுதி. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், உதவி மேலாளரான சின்னத்துரையின் பங்களாவில் நான் கோக்கியாக இருந்தேன். சமையல்காரனைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சமையலோடு வீடு கூட்டுவதும் துணி தேய்ப்பதும் என் தலையில்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துரை ஒரு மலைப்பாம்பும் வளர்த்தார்.

அனுராதபுரம் பக்கம் போனவர் குட்டியாகக் கொண்டுவந்தது. வெயிலில் பிறந்த ஜீவன், எங்கள் குளிரில் அதற்குத் தீனி செரிக்காதாம். தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு மின்சார பல்பைத் தொங்கவிட்டார். பாம்பு அந்தப் பல்பையே சுற்றிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொண்டது. பிறகு பல்புக்கு ஒரு கம்பி வலைக் கூடு செய்தார். மின்சாரம் தரும் பேக்டரி எஞ்சின் நின்றால் பல்பும் அணைந்துவிடும். அப்போது நான் இரண்டு போத்தல்களில் வெந்நீர் ஊற்றி, துரையின் பழைய காலுறைகளுக்குள் நுழைத்து, பாம்பின் மேல் படாமல் ஓரமாக வைக்க வேண்டும். ஆறினால் மாற்ற வேண்டும். மனுஷனுக்கு இல்லாத உபசாரம்.

"நெருப்பு வேணாம். போத்தல் மட்டும்" என்று துரை தன் அரைகுறைத் தமிழில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலகைப் பெட்டி தீப்பிடித்துவிடும், அதனால்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த ஆடியில் மழை விட்டபாடில்லை. என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலைப்பிள்ளை. பிரசவம் பார்க்க என் மாமியார் கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் எல்லோருக்கும் பயம். ஆகவே காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையின் கதவைச் சாத்தி, உள்ளே ஒரு சட்டியில் விறகுத் தணல் வைப்பார்கள். ஆனால் அது புகையும். புகை கண்ணைக் கரிக்கும்போது கொஞ்ச நேரம் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும். பச்சைப் பிள்ளை இருமுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பங்களாவில் துணி தேய்க்க வைத்திருந்த கரியில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய், முதல் நாள் மாலையே சட்டியில் மூட்டிக் கொடுத்தேன். புகையே வரவில்லை. மாமியார் என்னை மெச்சினார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் இன்னும் இரண்டு கை கரி போட்டு, ஜன்னல் இடுக்கில் சாக்கையும் திணித்தேன். மண்டை இடிக்கிறது என்றாள் மனைவி. ராத்திரியெல்லாம் பிள்ளை தூங்கவிடவில்லை, அதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

துரை அன்று நுவரெலியா போயிருந்தார். ஒன்பது மணிக்கு எஞ்சின் நின்றது. அடுப்பில் விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதி என் வாய்தான் வறண்டதே தவிர, கேத்தலில் தண்ணீர் கொதிக்கவில்லை. என் பிள்ளைக்கே வைக்கிற கரிச்சட்டியைப் பாம்புக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது. பெட்டியிலிருந்து நாலடி தள்ளி, செங்கல் மேல் சட்டியை வைத்தேன். தீப்பிடிக்க வழியே இல்லை. சூடு வெளியே போகாமல் கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே பாராட்டிக்கொண்டு சமையலுக்குப் போனேன்.

பதினோரு மணிபோல வந்து பார்த்தால், பாம்பு துவண்டு கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. இன்னும் குளிர்தான் போலிருக்கிறது என்று நினைத்து, சட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கரியை ஊதினேன். அந்த முட்டாள்தனத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன, தலை சுற்றியது. பெட்டியை எப்படியோ வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மழைச்சாரலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். குளிர்காற்று பட்டதும் தலை மெல்லத் தெளிந்தது. சட்டியை எடுக்க மறுபடி உள்ளே போனேன். மறுபடி அதே இடி, அதே மயக்கம்.

காலையில் மனைவி சொன்னது அப்போதுதான் உறைத்தது. இதே கரி. இதைவிடச் சின்ன அறை. சாக்கைத் திணித்ததும் நான்தான்.

பாம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பங்களாவிலிருந்து லயத்துக்கு ரோட்டில் போனால் ஒரு மைல். தேயிலைச் செடிக்குள் விழுந்து இறங்கினேன். இரண்டு தடவை சறுக்கி விழுந்தேன், காலெல்லாம் அட்டை. கடவுளே, அழுகிற சத்தம் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விட்டதால் லயமே வெறிச்சோடிக் கிடந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

கதவைத் தள்ளினேன். மனைவி கண்ணைப் பாதி மூடிக் கிடந்தாள். கூப்பிட்டதற்கு உதடு மட்டும் அசைந்தது. பிள்ளையைத் தூக்கினேன், தலை என் கைமேல் சாய்ந்தது. காலையில் இருந்த கனம் அதில் இல்லை போல எனக்குத் தோன்றியது. வெளித் திண்ணையான இஸ்தோப்பில் கிடத்தி, உள்ளங்காலைத் தேய்த்தேன், முகத்தில் ஊதினேன். பிறகு மனைவியையும் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்து வெளியே சாய்த்தேன்.

துணி அலசத் தண்ணீர்ப் பீலிக்குப் போயிருந்த மாமியார் அப்போதுதான் வந்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"பச்ச ஒடம்புக்காரியக் குளிர்ல கொண்டாந்து போட்டிருக்கீங்களே மாப்பிள்ள, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? காத்து பட்டுத்தான் என் மூத்த புள்ளயும் பிரசவத்துக்கு அப்பறம் போச்சு. ஒண்ணப் பறிகொடுத்தவ நான்."

பிள்ளையை உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மாமியார் முன்னால் அதுவரை நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்று கத்தினேன். அந்தக் கத்தலுக்கோ, காற்றுக்கோ, பிள்ளை ஒரு தடவை சிணுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது. நானும் அழுதேன்.

தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்தார்; அதற்குள் மனைவியும் கண் விழித்திருந்தாள். அடைத்த அறையில் கரி எரிந்தால் நஞ்சு சேரும், அதற்கு மணமும் கிடையாது, புகையும் கிடையாது, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள் என்று விளக்கினார். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குத் துரை வந்ததும் பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். பாம்பு அதற்குள் நாக்கை நீட்டத் தொடங்கியிருந்தது. "நெருப்பு வேணாம் சொன்னது. ஏன்னு சொல்லல்லே. அது என் தப்பு. நீ வீட்டுக்குப் போ" என்றார் துரை. போகுமுன் பெட்டியை இருவருமாக அடுக்களைப் புகைபோக்கிச் சுவரை ஒட்டி வைத்தோம். சுவரின் இளஞ்சூடே பாம்புக்குப் போதுமானதாக இருந்தது.

நான் லயத்துக்குத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். பிள்ளையை மடியில் வைத்திருந்த என் பக்கத்தில் மாமியார் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, ஒண்ணு கேக்குறேன். என் மூத்த புள்ள கெடந்த காம்பராவையும் நான் இப்படித்தான் அடைச்சு வச்சிருந்தேன். சட்டி நெறையத் தணல் போட்டிருந்தேன். விடிஞ்சு பாத்தா மூச்சு இல்ல. அப்ப அது…"

"இல்லீங்க அத்த. அது ஜன்னிதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையை ஆட்டினார். பிறகு எழுந்துபோய், பாதி திறந்திருந்த காம்பராக் கதவை முழுசாகத் திறந்துவைத்தார்.

அத்தை போய்ச் சேர்ந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அன்று நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும், என் பிள்ளை உயிரோடு என் மடியில் கிடந்த அந்த நேரத்தில், தன் பிள்ளையை இழந்தவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் வராது.