ஆறு கம்பியும் ஒரு திரையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதாம் வருஷத்தை ஒட்டி இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்தார். என் தையல் மெஷினைப் பழுது பார்க்க வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோனவர், மெஷின் இல்லாமல் ஓர் உடைந்த கிட்டாரோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பழைய சாமான் கடையில் மாற்றிக்கொண்டாராம்.

"இத்த ஒட்டி வித்துட்டு உன் மெஷினை மீட்டுக்கினு வந்துடறேன்மே. ஆடி முடியற வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன்னு கடைக்காரரு சொல்லிக்கீறாரு."

"அதுக்கப்புறம்?"

கிட்டாரைத் தட்டிப் பார்த்தார்.

அந்த மெஷின் என் அம்மா வீட்டுச் சீர். பேச்சைக் குறைத்தேன். ஆனாலும் கிட்டார் வேலைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் போய்ப் பிடித்தேன். கிட்டார் விற்றால்தானே மெஷின் வரும்.

கிட்டாரின் முதுகில் விரிசல், கம்பியைத் தாங்கும் கட்டையும் பெயர்ந்திருந்தது. தச்சரிடம் வச்சிரப் பசை வாங்கிக் காய்ச்சி ஒட்டினோம். ஒட்டு பிடிக்க மேலே குழவிக்கல்லைத் துணி சுற்றி வைத்தார். இரண்டு நாள் வீட்டில் சட்னி இல்லை.

பிறகு மெட்ராஸுக்குப் போய்க் கம்பிப் பொட்டலம் வாங்கி வந்தார். பிரித்ததும் முகம் கறுத்தது.

"ஆறும் ஆறு பருமன்! மீந்ததையெல்லாம் வாரிக் கட்டிக் குடுத்துட்டான். இதப் பாரு, மேல செம்பு சுத்தி, போலி ஜரிகை கணக்கா!"

நெய்கிறவர் கண்ணுக்குத் தறியில் நீளவாக்கில் ஓடும் இழை எல்லாம் ஒரே சன்னமாக இருக்க வேண்டும். மறுநாளே திரும்பப் போய், இருப்பதிலேயே சன்னமானதில் இன்னும் ஐந்து வாங்கி வந்து கட்டினார். தறியில் செய்வதுபோல உள்ளங்கையால் தடவித் தடவி, ஆறையும் ஒரே விறைப்பாக முறுக்கி நிறுத்தினார்.

"கஞ்சியும் போட்டுடலாமா?" என்றேன்.

நிஜமாகவே யோசித்தார்.

தள்ளிய கம்பிகளில் நாலை ஊசி டப்பாவில் சுருட்டி வைத்தேன். இருந்ததிலேயே தடித்த ஒன்றில் அடுக்களை வாசலுக்குத் திரை கட்டினேன். நுனியில் குண்டாக ஒரு வளையம் இருந்தது. ஆணியில் மாட்ட வசதி.

ஆடி கடைசி ஞாயிறு, சர்ச்சில் வாசிக்கிற வாத்தியார் ஒருவர் கிட்டாரைப் பார்க்க வந்தார். வெளி ஆண்கள் வந்தால் நான் தலைகாட்ட மாட்டேன். திரைக்குப் பின்னால் நின்றேன்.

வாத்தியார் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தார். ஆறு பேர் ஒன்றாகத் தும்மியது போலக் கேட்டது.

"இன்னாண்ணே இது, ஆறும் ஒரே கம்பியா இருக்குது?"

"பாத்தீங்களா சார்! ஒரு இழை ஏறுமாறு கிடையாது!" என்றார் இவர்.

வாத்தியார் சிரித்துச் சிரித்து இருமினார். தடித்ததிலிருந்து சன்னம் வரை ஆறு விதம் இருந்தால்தான் ஆறு குரல் வரும் என்று விளக்கினார்.

"அந்தப் பழைய கம்பிங்க இருந்தா இப்பவே மாட்டிப் பாக்கலாம். இல்லேன்னா எனக்கு வேணாம்ணே."

"ஏமே, அந்தக் கம்பிங்க எங்க?"

டப்பாவைத் திரைக்கு அடியில் தள்ளினேன். வாத்தியார் எண்ணினார்.

"நல்லா தடிச்சது ஒண்ணு குறையுதே. அது இல்லாம ஆவாது."

மெஷினை நினைத்துக்கொண்டேன். கையை நீட்டி ஆணியிலிருந்து கம்பியைக் கழற்றினேன். திரை தலைமேல் விழுந்தது. எடுக்கவில்லை. அப்படியே போர்த்திக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போய்க் கம்பியை நீட்டினேன்.

"இவங்கதான் சார் எங்க வீட்டுல," என்று திரையைக் காட்டினார் இவர்.

"வணக்கம்மா," என்றார் வாத்தியார், திரையைப் பார்த்து.

கம்பி மாற்றியதும் கிட்டாருக்கு வாய் திறந்தது. வாத்தியார் வாங்கிக்கொண்டார். மறுநாளே மெஷின் வீடு வந்தது. அதில் முதலில் தைத்தது புதுத் திரைதான். இந்த முறை சணல் கயிறு.

நான் கழற்றிக் கொடுத்ததை ஐந்தாம் கம்பி என்பதா ஆறாம் கம்பி என்பதா தெரியவில்லை. கிட்டார் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்துங்கள். வாத்தியாரைக் கண்டால் மாதம் ஆடிதானா என்றும் கேளுங்கள். திரையைப் பற்றிக் கேட்க வேண்டாம்.