கண்ணாடி வெயில்

என் தங்கை இரண்டு மாதம் முன்னதாகவே அவசரப்பட்டுப் பிறந்தவள். அதற்குப் பிறகு எதற்குமே அவள் அவசரப்பட்டதில்லை. குப்புற விழ, உட்கார, பல் முளைக்க என்று எல்லாவற்றுக்கும் எங்களைக் காக்க வைத்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. தங்கை பிறந்த அன்றே அவளை மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று கனவு கண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலோ ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். உள்ளே மூக்கில் குழாயும் தலையில் குல்லாவுமாக ஏதோ கிடந்தது. "இதுவா?" என்று கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

ஐந்து வாரம் அவள் அந்தப் பெட்டிக்குள் இருந்தாள். அம்மா அத்தனை நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிழைத்தது கண்ணாடியால்தான் என்று அவள் மனதில் அப்போதே பதிந்துபோயிருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் வெயிலும் காட்டுங்கள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். குளிர் விஷயத்தை அம்மா உயிராகப் பிடித்துக்கொண்டாள். சொட்டு மருந்து ஒரு புட்டி தீர்ந்ததும், "தெனம் வெயிலு காட்டிக்கினுதானே கீற, அப்புறம் மருந்து எதுக்கு?" என்று அத்தை கேட்டார். அது அம்மாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறைமலைநகரில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கிழக்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அப்பா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் ஆறரை மணிக்கு, ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் மாட்டித் தங்கையைத் தூக்கிக்கொண்டு அம்மா அந்த ஜன்னலடியில் உட்காருவாள். ஏழரை வரை அசைய மாட்டாள். காய்ச்சலோடுகூட உட்கார்ந்திருக்கிறாள். நான் மறந்துபோய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும், "மூடுடி, காத்து படுது பாரு!" என்று பாய்வாள். ஆஸ்பத்திரிப் பெட்டியை விட எங்கள் அறை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

தங்கைக்குத் தூக்கத்தில் தலை வியர்த்துத் தலையணை நனையும். மணிக்கட்டு இரண்டும் புடைத்திருந்தன. "வளையல் போடறதுக்குன்னே செஞ்ச கை" என்று அத்தை மெச்சினார். அம்மாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

அவளுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது மாமா வீட்டில் காதுகுத்து வந்தது. மாமா அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக வீடு, ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போக ஓர் ஆட்டோ. பந்தலில் கூட்டம் நெருக்கியது. தங்கை வியர்வையில் தொப்பலாக இருந்தாள். யாருக்கும் தெரியாமல் அவளை மணலுக்குத் தூக்கிப்போனேன். மணி பதினொன்று இருக்கும். குல்லாவைக் கழற்றினேன், பிறகு ஸ்வெட்டரை, சாக்ஸை, கடைசியில் கவுனையும். அவள் இரண்டு கையிலும் மணலை அள்ளி வயிற்றில் கொட்டிக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "உனுக்கு அறிவு கீதா இல்லியா? புள்ளைய சாவடிக்கப் பாக்குறியா?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலி சாயங்காலமே போய்விட்டது. மானம் போனதை மட்டும் நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு வாய்ப்பாடு மறக்கும், வாங்கின அடி மறக்காது.

அடுத்த மாதம் அம்மா எங்கள் இருவரையும் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். தங்கையை நிற்கவைத்தால் கால் மடிந்துகொண்டது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு கெட்டியாகவே இல்லம்மா. அதுக்கு வேண்டியது கடைசி ரெண்டு மாசம் வயித்துல இருக்கும்போதுதான் நிறைய சேரும். இவ அதுக்குள்ள வெளிய வந்துட்டா. வைட்டமின் டி சொட்டு மருந்து குடுத்தீங்களா?"

"ஒரு புட்டி குடுத்தேன் டாக்டர். அப்புறம் வெயிலுதான். ஒரு நாளு தப்புனதில்ல." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வெச்சு காட்டுறீங்க?"

"ஜன்னலாண்ட."

"தொறந்து வெச்சா?"

"அய்யய்யோ இல்ல. மூடித்தான். காத்து பட்டுடுமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "கண்ணாடி வழியா சூடு வரும்மா. எலும்புக்கு வேண்டியது வராது. அதுவும் காலங்காத்தால வெயில்ல ஒண்ணுமே கிடையாது" என்றார். பிறகு அம்மா வேலைக்குப் போனாளா என்று கேட்டார். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பிரசவத்துக்கு முந்தின நாள் வரை போனதாக அம்மா சொன்னாள். விடியுமுன் பஸ், விளக்கு வைத்த பிறகு வீடு. "அப்ப உங்க உடம்புலயே இருந்திருக்காது. உங்ககிட்ட இருந்தாத்தானே அவளுக்கு வரும்?" என்று சொல்லி, அம்மாவுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். "டாக்டரம்மா, நான் ஒரு நாளு பீச்சுல சுவெட்டரெல்லாம் கயட்டிட்டு இவள வெயில்ல குந்த வெச்சேன். அதுக்கு எங்கம்மா என்னை அடிச்சுது."

"நீ பண்ணதுதான் சரி" என்று அவர் என் கன்னத்தைத் தட்டினார். அப்படி ஒரு மார்க்கை நான் எந்தப் பரீட்சையிலும் வாங்கியதில்லை. வெற்றியோடு அம்மாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த ஸ்வெட்டரை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

தங்கைக்கு இப்போது பதினெட்டு வயது. மருந்தில் எலும்பு ஓரளவு தேறியது. கால் மட்டும் லேசாக வளைந்தேதான் நிற்கிறது. ஏழாவது படிக்கும்போது ஒரே ஒரு படி சறுக்கியதற்குக் கை உடைந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஆயுசுக்கும் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். அம்மா தனக்கு எழுதிய பரிசோதனையை எடுத்துக்கொள்ளவே இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தாம்பரம் பஸ்ஸில் ஏறினோம். வெயில் உறைக்காத இடது பக்கத்தில் ஜனங்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நேராக வலது பக்கம் போய், ஷட்டரைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். தங்கையின் குல்லாவை, ஸ்வெட்டரை, கவுனை எல்லாம் அவிழ்த்து, வெறும் ஜட்டியோடு ஜன்னல் பக்கமாக மடியில் சாய்த்துக்கொண்டாள். எனக்குத் தொடை சுட்டது, பசி வேறு. டாக்டரிடம் போட்டுக் கொடுத்ததற்குத்தான் என்னை இப்படி வாட்டுகிறாள் என்று முடிவு செய்து, எழுந்து போய் நிழலில் இடம் பிடித்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

மறைமலைநகர் வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

"எம்மா, நம்ம ஸ்டாப்பு!"

"கம்முனு குந்து."

கண்டக்டரிடம் தாம்பரத்துக்கு டிக்கெட் கேட்டாள். பொத்தேரியில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, குழந்தை மேல வெயில் அடிக்குது, இந்தப் பக்கம் வாங்க" என்று தன் இடத்தைக் கொடுக்க வந்தாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். தங்கையின் புடைத்த மணிக்கட்டை ஜன்னல் விளிம்பில் எடுத்து வைத்து, நிழல் விழாதபடி தன் தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அம்மாவுக்கு நம்ம ஸ்டாப்பே தெரியவில்லை, தாம்பரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தோம் என்று கைகொட்டிச் சிரித்தேன். அப்பாவும் சிரித்துவிட்டு, "இன்னா ஆச்சு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"தூங்கிட்டேன்" என்றாள் அம்மா.

அவள் ஒரு நிமிஷம்கூடக் கண் மூடவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே வந்தேன். எதற்காக அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.