நிஸா அக்காவின் முறை

இன்று காலை கட்டுகஸ்தோட்டை மேட்டில், எல் பலகை கட்டிய சிறு கார் ஒன்று எனக்கு முன்னால் திணறி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் பொறுமையாக இருந்தேன். கிளச் கருகும் மணம் கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வந்தது. அந்த மணத்துக்கும் எனக்கும், நண்பரே, ஒரு பழைய கணக்கு உண்டு.

கார் ஓட்டப் பழகிய அந்நாட்களில் நான் விவாத மேடைகளில் பெரும் பேச்சாளி. எதிரணி அரைமணி நேரம் கட்டியெழுப்பிய வாதத்தை நான்கு வாக்கியங்களில் சரித்துவிட்டு, கைதட்டல் அடங்கும்வரை காத்து நிற்கும் கலையும் அறிந்திருந்தேன். அப்படிப்பட்டவளுக்கு இடக்காலால் கிளச் மிதியை மெதுவாக விடத் தெரியவில்லை. கார் முயல்போல் துள்ளும், பிறகு அணைந்துபோகும்.

“வாய்க்கு இருக்கிற வேகம் காலுக்கு வேணாம் தங்கச்சி!” என்பார், ஓட்டப் பழக்கிய குணா சேர்.

எங்கள் பழகுநர் வகுப்பில் ஒரே கார்தான். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்னாசனத்தில் தம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். என்னோடு காத்திருந்தவர் நிஸா அக்கா. அவர் அருகில் அமர்ந்தால் கஞ்சி கலையாத புதுப்புடவையின் மணம் வரும். அந்த மணம் என்னை நேரே மடுல்கெல்லைக்குக் கொண்டுபோகும். நான் பிறந்த தேயிலைத் தோட்டம் அது. சனிக்கிழமைகளில் புடவை விற்கும் ஒரு வெள்ளை வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு மேலேறி வரும்; லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் ஈரக்கையைத் துடைத்தபடி ஓடுவார்கள். நான் முதன்முதலாக மேடையேறியபோது உடுத்திய நீலச்சேலை அந்த வேனிலிருந்து இறங்கியதுதான்.

அந்த வேன்காரரின் மனைவிதான் நிஸா அக்கா என்பது இரண்டாம் நாள் வகுப்பில் தெரிந்தது. கணவரைப் பாரிசவாதம் தாக்கி, வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டிருந்தன. வேன் ஓட்ட ஆளின்றி முற்றத்தில் நின்றது.

“அவர்ட தம்பிமார் சொல்லிட்டாங்க தங்கச்சி. இந்த ட்ரயல்ல நான் பாஸானா வேன் எங்களோட ஈக்கும். இல்லாட்டி வித்துருவாங்க” என்றார் ஒருநாள். பிறகு முகம் மலர, “பாஸானா நான் ஓட்டுவன். அவரு பக்கத்துல இருந்து புடவைக்கு வெல சொல்லுவாரு” என்றார்.

ட்ரயலுக்கு, அதாவது லைசன்ஸ் பரீட்சைக்கு, முதல்நாள் மாலை மழை கொட்டியது. மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளச்சில் தாங்கி எடுப்பதை எங்களூரில் ‘பெலன்ஸ்’ என்பார்கள். எங்கள் இருவருக்கும் அது கைவந்திருக்கவில்லை. மழை விட்டபோது ஒருவர் பழகும் நேரமே மிஞ்சியிருந்தது. முறை நிஸா அக்காவுடையது.

நான் எழுந்தேன். காருக்குள் எழ இயலாதாகையால் குரலால் எழுந்தேன். முதலாவது, நாளைய பட்டியலில் என் பெயரே முன்னால் இருக்கிறது. இரண்டாவது, சென்ற வகுப்பில் அவர் என்னைவிடக் கூடுதல் நேரம் ஓட்டினார். மூன்றாவது என்னவென்று இன்று நினைவில்லை; ஆனால் மூன்று இருந்தன. மேடையில் எப்போதும் மூன்று இருக்கும். உண்மையான காரணத்தை நான் சொல்லவில்லை. தோற்றுவிட்டேன் என்று விவாத அணித் தோழிகளிடம் சொல்ல நேருமே என்ற பயம் அது.

“ஐயோ, இது மேடையில்லம்மா!” என்று தலையில் கைவைத்தார் குணா சேர். “நிஸா, நீங்க என்ன சொல்றீங்க?”

“இவவோட பேசி வெல்ல ஏலா சேர்” என்று சிரித்தார் நிஸா அக்கா. “முன்னுக்கு ஏறுங்க தங்கச்சி.”

ஏறினேன். கட்டுகஸ்தோட்டையின் அதே மேட்டில் நான்கு தடவை பழகினேன். நான்காம் தடவை கார் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை.

மறுநாள் நான் தேறினேன். நிஸா அக்கா ஓட்டிய கார் மேட்டில் பின்னோக்கி உருண்டு அணைந்தது. பரீட்சகர் இறங்கச் சொன்னார். மறு ட்ரயலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிஸா அக்காவோ நேரே என்னிடம் வந்து, “பாஸா? அல்ஹம்துலில்லாஹ்!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த தடவ நிச்சயம்க்கா” என்றேன், கணீரென்று.

அரை வருடம் கழித்தே அவர் வீட்டுக்குப் போகத் துணிந்தேன். வேன் நின்ற முற்றம் வெறுமையாக இருந்தது. மன்னிப்புக் கேட்கச் சொற்களை வழிநெடுக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அண்டைக்கு நீங்க பேசினது சரிதான் தங்கச்சி. எனக்கு ஒருநாள் பழகினாலும் பெலன்ஸ் வந்தீக்காது.”

“இல்லக்கா. அன்னைக்கு ஒங்க முறை.”

“தேத்தண்ணி ஆறுது, குடிங்க” என்றார் அவர்.

சுவரோரம் துணி மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் கதிரையில் இருந்த கணவர், குழறும் நாவால் என் ஊரைக் கேட்டார்.

“மடுல்கெல்லங்க.”

“மேல் லயமா, கீழ் லயமா?”

“கீழ் லயம்.”

அவர் கண்கள் ஒளிர்ந்தன. “இப்ப அங்க ஆரு புடவ கொண்டு வாற?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். “யாரும் வர்றதில்லங்க” என்றேன்.

அவர் மூட்டைகள் பக்கம் திரும்பி, இடக்கையால் கதிரையின் பிடியை இறுகப் பற்றி, எழப் பார்த்தார்.