லூசி மதாமின் சூப்பு

மதாம் இறந்த செய்தி வந்தபோது முத்தியால்பேட்டை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மதாமின் விடுதிச் சமையல்காரர் ஆரோக்கியம் செல்போனில் கூப்பிட்டார்.

"மதாம் போயிட்டாங்கம்மா. சாயங்காலம் சர்ச்சுல அடக்கப் பூசை."

அம்மாவிடம் சொன்னேன். "கடைசியில சாப்பாடு எறங்குச்சாமா?" என்று கேட்டாள்.

லூசி மதாமோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி நினைவு மலர் கொண்டுவருகிறோம். அவருடைய சுத்தம், நேரந்தவறாமை, மேசை போடும் அழகு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்த மதாமை நான் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் தெருக்கள் பக்கம் இருந்த தன் வீட்டையே அவர் விடுதியாக நடத்தினார். பிரெஞ்சு பி.ஏ. முடித்ததும் அங்கே வரவேற்பில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடப்புத்தகத்தில் இருந்த பிரெஞ்சு எனக்கு வாயில் வராது. ஒருநாள் விருந்தாளிகள் முன்னாலேயே மதாம் சொன்னார்: "வாயத் தொறந்து பேசு. பி.ஏ. படிச்சப்ப பூட்டு போட்டுக் குடுத்தாங்களா?" அதையே பிரெஞ்சிலும் திருப்பிச் சொன்னார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிக்கவைக்கத் தெரியும். கொசு கடிக்கிறது என்று புகார் சொன்ன ஒருவரிடம், "அது எங்க வீட்டுக் கொசு இல்ல மிசியே, உங்க பெட்டியில வந்தது" என்றவர் அவர்.

ஆனால் மன்னிப்புக் கேட்கும் 'பர்தோன்' என்ற சொல் அவர் நாக்கிலேயே இருந்தது. யார் தோளிலாவது லேசாக உரசினாலும் பர்தோன். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலிக்கும் பர்தோன்.

நான் சேர்ந்த புதிதில் ஆரோக்கியம் காய்ச்சலென்று வரவில்லை. மதிய விருந்துக்கு உருளைக்கிழங்கு லீக்ஸ் சூப்பு வைக்க வேண்டும். "நறுக்கறதாவது தெரியுமா?" என்று கேட்டார் மதாம். தெரியும் என்றேன். ஊட்டியிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு வரும் லீக்ஸ், பார்க்கப் பருத்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். வெங்காயத்தாளை அலசுவதுபோல முழுசாகக் குழாயில் காட்டி, வெள்ளைப் பகுதியை நறுக்கினேன். வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, கிழங்கைப் போட்டு வேகவைத்து, மத்தால் மசித்துக் கிரீம் ஊற்றினேன். மணம் நன்றாகவே வந்தது. மதாம் ஒரு கரண்டி வாயில் விட்டார். நற என்று கேட்டது. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து அடுக்கடுக்காகக் கழுவ வேண்டும். மண் உள்ளேதான் இருக்கும்.

அவர் திட்டவில்லை. விருந்தாளிகளுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். சூப்பைக் கொட்டவும் விடவில்லை.

தினமும் அந்த நேரத்துக்கு அம்மா எனக்குச் சோறு கொண்டுவருவாள். மில்லில் நூல் சுற்றியவள். மில் மூடியபின் வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். பின்வாசலோடு டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று மதாம் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"வாங்க, உக்காருங்க. உங்க பொண்ணு இன்னிக்கு சூப்பு வச்சிருக்கு."

"எம்பொண்ணா? பிரெஞ்சு சூப்பா?" அம்மா முகமெல்லாம் சிரிப்பாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். மதாம் பீங்கான் தட்டு நிறைய ஊற்றினார். முதல் கரண்டியிலேயே சத்தம் கேட்டது. அம்மா மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குங்க மதாம்."

"அப்ப மிச்சம் வைக்காதீங்க. பொண்ணு ஆசையா செஞ்சது."

கையைக் கட்டிக்கொண்டு, தட்டு காலியாகும்வரை நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இனிமே ஒழுங்கா கழுவுவ" என்றார்.

தெருமுனை வரை அம்மாவோடு போனேன். "ரேஷன் அரிசியில இல்லாத கல்லா? போ, போய் வேலயப் பாரு" என்றாள்.

அதற்குப் பிறகும் பல வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். பிரெஞ்சு வாயில் வந்தது. மதாம் என்னை மதிக்கவும் தொடங்கினார். ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை; பின்வாசலில் வந்து நிற்பவளிடம் சொன்னால் போதும்.

பக்கவாதம் வந்து படுத்தபின் அவர் கேட்டது அந்தச் சூப்பைத்தான். பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். நான் வைத்துக் கொண்டுபோய் ஊட்டினேன். நாக்கால் துழாவித் துழாவி விழுங்கினார். மண் இல்லை.

"அம்மா உங்கள விசாரிச்சாங்க மதாம்" என்றேன்.

கோணிய வாயால், "எந்த அம்மா?" என்றார்.

"எங்க அம்மா. ஒருநாள் இங்க சூப்பு சாப்ட்டாங்களே."

யோசித்துப் பார்த்தார். நடிப்பில்லை, நிஜமாகவே நினைவில்லை. "வெண்ணெ பத்தல" என்றார். வாயோரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து படுக்கை விரிப்பில் விழுந்தது. அதைப் பார்த்து மெதுவாக, "பர்தோன்" என்றார்.

பூசைக்கு அம்மாவும் வந்தாள். பெட்டியில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மதாமிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சூப்பு. வீட்டில் அடிக்கடி வைக்கிறேன். லீக்ஸைப் பிளந்து, அடுக்கடுக்காக விரித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறேன். அவரே குறை சொல்ல முடியாதபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் முதல் தட்டை அம்மா முன்னால் வைக்கிறேன்.

"பசியில்லம்மா, நீ சாப்பிடு" என்கிறாள்.